பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே

வேப்பங்குச்சி ஒடித்துப் பல் துலக்கியவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள். மழை பெய்து மரம் துளிர்விட்டிருக்கும் நாட்களில் ஒடித்த குச்சியின் தோலை நகத்தால் ஒரு முனையில் கிளப்பி இழுத்தால் போதும், நீளமாகக் கழன்று வரும். உள்ளே மரம் வழுவழுவென்று ஈரமாகத் தெரியும். அதே குச்சியை இரண்டு நாள் வெயிலில் போட்டுவிட்டு உரித்தால் தோல் துணுக்குத் துணுக்காகப் பிய்கிறது. பாதி மரத்திலேயே தங்கிவிடுகிறது. மழை காணாத கடுங்கோடையில் ஒடித்த குச்சியும் இப்படித்தான் அடம்பிடிக்கும். மரம் ஒன்றுதான், கிளையும் ஒன்றுதான். ஒரு நாள் சட்டென்று விட்டுக்கொடுக்கும் தோல் இன்னொரு நாள் ஏன் விடமாட்டேன் என்கிறது?

பல் துலக்குகிறவருக்கு இதனால் பெரிய நட்டம் இல்லை. ஒற்றை மரத்துண்டிலிருந்து வில் செய்கிறவருக்கோ வேலையின் முதல் நாளே இந்தக் கேள்வி எதிரில் வந்து நிற்கும். பிளப்பதிலும் செதுக்குவதிலும் கை தவறினால் திருத்திக்கொள்ள இடமுண்டு. பட்டை உரிக்கும்போது கத்தி அரை மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கிவிட்டால், பல மாதம் கழித்து, நாணை முழுதாக இழுத்து நிற்கும் நேரத்தில் வில் முறியக்கூடும்.

அந்த அரை மில்லிமீட்டரைக் காப்பாற்ற மனிதர்கள் கையில் கிடைத்ததையெல்லாம் கருவியாக்கியிருக்கிறார்கள். எலும்பு, மான்கொம்பு, மூங்கில் சிம்பு, சமையலறை ஸ்பூன், லாரியின் ஸ்பிரிங் தகடு என்று பட்டியல் நீளும். கத்தி தீட்டும் கல்லைத் தேடாமல் மொண்ணையான விளிம்பையே இவர்கள் விரும்பி எடுப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் மரத்துக்குள்ளே இருக்கிறது.

முதுகும் வயிறும்

வில்லைப் பிடித்து நிற்கும்போது எய்பவரைப் பார்த்திருக்கும் பக்கத்தை வயிறு என்றும், இலக்கைப் பார்த்திருக்கும் பக்கத்தை முதுகு என்றும் சொல்வோம். நாணை இழுத்தால் வயிறு நசுங்குகிறது, முதுகு நீள்கிறது. எவ்வளவு நீள்கிறது?

ஒன்றரை சென்டிமீட்டர் தடிமனுள்ள வில் தண்டு ஒன்று, 75 செ.மீ. ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டாக வளைவதாக வைத்துக்கொள்வோம். தடிமனின் நட்டநடுவில் ஓடும் கோடு நீள்வதும் இல்லை, குறுகுவதும் இல்லை. முதுகு அதற்கு வெளியே முக்கால் சென்டிமீட்டர் தள்ளி இருப்பதால் சற்றே பெரிய வட்டத்தில் ஓடவேண்டியிருக்கிறது. 75-இல் முக்கால் என்பது நூற்றில் ஒரு பங்கு. ஆகவே முதுகின் ஒவ்வொரு 10 செ.மீ. நீளமும் 1 மி.மீ. கூடுகிறது. கேட்பதற்கு இது சொற்பம். ஆனால் மரம் அறுபடாமல் நீளக்கூடிய எல்லையே இதற்குச் சற்று மேலேதான் இருக்கிறது. ஒவ்வொரு அம்புக்கும் வில்லின் முதுகு அந்த எல்லையின் ஓரம்வரை போய்த் திரும்புகிறது.

மரம் நீளவாக்கில் அடுக்கப்பட்ட ஒல்லியான செல்களால் ஆனது. அந்த வாக்கில் இழுத்தால் அது அசாத்தியமாகத் தாங்கும். நாருக்கும் நாருக்கும் இடையே பிளக்கும்படி குறுக்கே இழுத்தால், பல மரங்களில் அந்தப் பலத்தில் இருபதில் ஒரு பங்குகூடத் தேறாது. விறகு பிளப்பவர் கோடரியை எப்போதும் நார்வாக்கில் போடுவது இதனால்தான். இப்போது முதுகில் ஒரு சிறு வெட்டு விழுந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளுங்கள். வெட்டுப்பட்ட நாரின் முனை சுமையைத் தொடர்ந்து கடத்த முடியாமல் நின்றுவிடுகிறது. அந்தச் சுமை அடியில் இருக்கும் நாருக்குப் பக்கவாட்டில் இறங்கவேண்டும். பக்கவாட்டுப் பிணைப்போ பலவீனமானது. வெட்டின் ஓரத்தில் ஒரு சிம்பு கிளம்புகிறது. அடுத்த இழுப்பில் இன்னும் கொஞ்சம் கிளம்புகிறது.

மரம் தானாகவே உருவாக்கிய மேற்பரப்பில் மட்டும் இந்த ஆபத்து இல்லை. பட்டைக்கு நேர் அடியில் இருக்கும் கடைசி ஆண்டு வளையத்தில் ஒரு நாரும் அறுபட்டிருக்காது. கணு இருக்குமிடத்தில் நார்கள் கணுவைச் சுற்றி வளைந்து போகும். மேடு பள்ளம் இருந்தால் அதோடு ஏறி இறங்கும். ஆகவே பட்டையை மட்டும் நீக்கிவிட்டு, அடியில் இருப்பதை அப்படியே முதுகாக விட்டுவிடுவதே சிறந்த வழி. கரடுமுரடாக இருக்கிறதே என்று இழைப்புளி போட்டுச் சமப்படுத்தினால் அழகு கூடும், ஆயுள் குறையும்.

சேற்றில் கிடைத்த வில்

டென்மார்க்கின் சீலாந்துத் தீவில் ஹோல்மெகார்ட் என்ற சதுப்பு நிலம் இருக்கிறது. கரிச்சேறு நிறைந்த அந்த இடத்தில் 1944-இல் நடந்த அகழாய்வில் எல்ம் மரத்தாலான வில்கள் கிடைத்தன. வயது சுமார் 9,000 ஆண்டு. காற்றுப் புகாத சேறு அவற்றை மக்கவிடாமல் காத்திருக்கிறது. உலகில் கிடைத்திருக்கும் மிகப் பழைய வில்களில் இவையும் சேரும்.

அவற்றைச் செய்தவர்களிடம் இரும்பும் இல்லை, செம்பும் இல்லை. தீக்கல் எனப்படும் பிளின்ட், எலும்பு, மான்கொம்பு, மரம் இவ்வளவுதான் கைவசம். அவர்கள் ஒல்லியான எல்ம் மரத்தை எடுத்து, வயிற்றுப் பக்கத்தைச் செதுக்கி, பட்டைக்கு அடியில் இருந்த மேற்பரப்பை முதுகாக வைத்தார்கள். இன்று மரவில் செய்கிறவர்கள் பின்பற்றுவதும் அதே முறைதான். எஃகு வந்த பிறகும் இந்த இடத்தில் சேர்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை என்பது எனக்கு மிகுந்த மதிப்பை உண்டாக்குகிறது. மரத்தின் எந்த இடம் தானாக விட்டுக்கொடுக்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

விட்டுக்கொடுக்கும் படலம்

பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே உயிருள்ள செல்களாலான மெல்லிய படலம் ஒன்று தண்டைச் சுற்றி ஓடுகிறது. பெயர் கேம்பியம். மரத்தைப் பருக்கவைக்கும் திசு இது. இதன் செல்கள் பிரிந்து, உள்பக்கம் தள்ளப்படுபவை மரமாகின்றன; வெளிப்பக்கம் தள்ளப்படுபவை உள்பட்டையாகின்றன. இலைகள் செய்த உணவு வேருக்கு இறங்குவது இந்த உள்பட்டை வழியாகத்தான். மரத்தைச் சுற்றிலும் வளையமாகப் பட்டையை உரித்துவிட்டால் மரம் பட்டுப்போவதும் இதனால்தான்.

கேம்பியம் ஆண்டு முழுவதும் ஒரே வேகத்தில் வேலை செய்வதில்லை. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வசந்தத்தில் மொட்டுகள் விரியும்போது விழித்துக்கொள்ளும். கோடை முடியும்போது உறங்கப்போகும். விழித்திருக்கும் காலத்தில் அங்கே இருப்பவை அப்போதுதான் பிறந்த செல்கள். அவற்றின் சுவர் மிக மெல்லியது. மரத்துக்கு விறைப்பைத் தரும் லிக்னின் என்ற பொருள் அவற்றில் இன்னும் படியவில்லை. உள்ளே நீர் நிறைந்து புடைத்திருக்கும். சாந்து காயாத செங்கல் சுவரைக் கையால் தள்ளிப் பிரித்துவிடலாம்; இறுகிய பிறகு கடப்பாரை வேண்டும். கேம்பியத்தின் நிலையும் அதுதான். பட்டையைக் கிளப்பும்போது மெல்லிய சுவர்கள் வரிசையாகக் கிழிந்து, உள்ளிருந்த நீர் வெளிவருகிறது. வேப்பங்குச்சியின் வழுவழுப்பு அந்த நீர்தான்.

உறங்கும் காலத்தில் செல்வரிசைகள் குறைந்துவிடும், இருப்பவற்றின் சுவர் தடித்துவிடும், அக்கம்பக்கத்துச் செல்களில் லிக்னின் படிந்துவிடும். அப்போது பட்டையைப் பெயர்க்கத் தேவைப்படும் விசை இரண்டு மூன்று மடங்காகிறது. அதைவிட முக்கியமானது முறியும் இடம். கேம்பியம் உறுதியாகிவிட்டதால் முறிவு வேறு பலவீனமான இடத்தைத் தேடி உள்பட்டைக்குள் ஓடும். பட்டையின் ஒரு பகுதி கையோடு வரும், மிச்சம் மரத்தோடு நிற்கும்.

நம் ஊரில் கேம்பியத்தை உறங்கவைப்பது பெரும்பாலும் குளிரல்ல, வறட்சி. தேக்கு இலையுதிர்த்து நிற்கும் மாதங்களில் அதன் கேம்பியமும் ஓய்கிறது. மழைக்குப் பின் மறுபடி தொடங்குகிறது. ரப்பரிலும் ரோஜாவிலும் மொட்டு ஒட்டுக் கட்டுகிறவர்கள், வேர்ச்செடியின் பட்டை எளிதாகக் கழலும் பருவம் பார்த்தே கத்தியை எடுக்கிறார்கள். பட்டை கழன்றால் கேம்பியம் விழித்திருக்கிறது, ஒட்டுப் பிடிக்கும் என்று அர்த்தம்.

வெட்டிய குச்சி இரண்டு நாளில் இறுகிவிடுவதற்குக் காரணம் இன்னும் எளிமையானது. நீர் போனதும் புடைத்திருந்த செல்கள் தளர்ந்து சப்பையாகி ஒன்றோடொன்று ஒட்டிக் காய்கின்றன. பருவம் சரியாக இருந்தாலும் நாள் கடத்தினால் பயனில்லை. வெட்டிய கையோடு உரிக்கவேண்டும்.

ஜூலையில் வெட்டிய எல்ம்

இனி ஒரே ஒரு கட்டையை எடுத்துக்கொண்டு முழுதாகப் பார்ப்போம். வட ஐரோப்பாவில் ஜூலை பிற்பகுதியில் வெட்டிய எல்ம். நீளம் இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. குறுக்களவு 10 செ.மீ.

ஏன் ஜூலை பிற்பகுதி? பட்டை கழலவேண்டும் என்பது மட்டுமே கணக்கு என்றால் மே, ஜூன் மாதங்கள் இன்னும் வசதி. எல்ம் மரத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஆண்டின் தொடக்கத்தில் அது பெரிய துளைகள் நிறைந்த பொறபொறப்பான மரத்தை உண்டாக்குகிறது. இதை முன்மரம் என்று சொல்லிக்கொள்வோம். கோடை ஏற ஏற அடர்த்தியான, பலமான பின்மரம் அதன்மேல் சேர்கிறது. ஜூனில் உரித்தால் முதுகின் மேற்பரப்பில் துளை மலிந்த முன்மரம் மட்டும் இருக்கும். ஜூலை பிற்பகுதியில் பின்மரமும் ஓரளவு சேர்ந்திருக்கும், பட்டையும் இன்னும் கழலும். மிகக் குறுகிய காலம் இது. மரவேலையில் நாட்காட்டியும் ஒரு கருவி என்று நான் சொல்வேன்.

கட்டையை முதலில் ஆப்பு வைத்து இரண்டாகப் பிளக்கவேண்டும். எல்ம் நார்கள் பின்னிப் பிணைந்து ஓடுவதால் பிளக்கச் சண்டித்தனம் செய்யும். பலர் ரம்பத்தால் அறுத்துவிடுவதும் உண்டு. அரைவட்டமாகக் கிடைத்த பாதியைப் பட்டை மேலே தெரியும்படி ஒரு மரத்தண்டில் சாய்த்துச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டுகிறோம். இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கவேண்டும் என்பதற்காக இந்தக் கட்டு.

இப்போது அறுபட்ட ஓரத்தைப் பாருங்கள். வெளியே சொரசொரப்பான, உயிரற்ற பழுப்புப் பட்டை. அதற்குள் ஈரமான, நார் நிறைந்த உள்பட்டை. அதன் முடிவில் ஒரு கோடு. அதற்கப்பால் வெளிர்நிற மரம். அந்தக் கோட்டில்தான் கருவி நுழையவேண்டும். நுழைவதும் பக்கவாட்டிலிருந்துதான்; மேலிருந்து கீழே வெட்டிக்கொண்டு இறங்கினால் மரத்தைத் தொட்டுவிடுவோம்.

இந்த வேலைக்குப் பழைய எவர்சில்வர் ஸ்பூன் அருமையாகப் பொருந்துகிறது. தகடு தடியாக இருக்கவேண்டும், காம்பு வளையக்கூடாது. நுனி விளிம்பை அரத்தால் நாலு இழுப்பு இழுத்து மெலிதாக்கினால் போதும், கூராக்கவேண்டாம். குழிந்த பக்கம் பட்டையையும் புடைத்த பக்கம் மரத்தையும் பார்க்கும்படி கோட்டில் வைத்துத் தள்ளினால், புடைப்பு மரத்தின்மேல் வழுக்கிக்கொண்டு போகும். நுனி மரத்தில் இறங்கப் பார்த்தாலும் அந்த வளைவு அதைத் தூக்கிவிடும். முதல் இரண்டு விரல் அகலம் கிளம்பிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஸ்பூன் இல்லாவிட்டால் மூங்கில் ஆப்பு. ஒரு சாண் நீளச் சிம்பை எடுத்து நுனியை நாக்குப்போல் மெலிதாகச் சீவிக் கொட்டாப்புளியால் மெதுவாகத் தட்டி நுழைக்கலாம். எலும்பும் மான்கொம்பும் இதே வேலையைச் செய்யும். தீட்டாத, கனமான துணி சுற்றிய மண்வெட்டி இலைகூடப் பெரிய கட்டைகளுக்கு உதவும். கிளம்பிய பட்டையைக் கையால் பற்றி மேல்நோக்கி இழுக்காமல், மரத்தோடு ஒட்டிப் பின்பக்கமாக மடித்து இழுக்கவேண்டும். கணு வந்தால் நிறுத்தவேண்டும். அங்கே கிளைக்குள் போகும் நார்கள் பட்டையையும் துளைத்துக்கொண்டு நிற்கும். கணுவைச் சுற்றி எல்லாப் பக்கமும் கிளப்பிவிட்டுக் கடைசியாக அதை விடுவிக்கலாம்.

உரித்து முடித்ததும் ஈரம் மின்னும் மேற்பரப்பு கிடைக்கும். அதன்மேல் கேம்பியத்தின் மிச்சம் கூழாகப் படர்ந்திருக்கும். சொரசொரப்பான துணியால் துடைத்தால் போய்விடும். இந்த நேரத்தில் விரல் நகம்கூட மரத்தில் தடம் பதிக்கும். புதிதாகப் பிறந்த மரம் அவ்வளவு இளசு. ஸ்பூனைத் தூக்கிப் பக்கத்தில் வைத்துவிடுவது நல்லது.

உரித்த பட்டையைச் சும்மா போடக்கூடாது. எல்ம் மரங்களை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கோடிக்கணக்கில் அழித்த டச்சு எல்ம் நோயின் பூஞ்சையைப் பரப்பும் வண்டுகள், சரியாக இந்த உள்பட்டைக்கு அடியில்தான் துளையிட்டு முட்டையிடுகின்றன. பட்டையை உரித்துவிட்டால் அவற்றுக்கு வீடு இல்லை. நோய் பரவிய பகுதிகளில் பட்டையை எரித்துவிடச் சொல்கிறார்கள்.

கூர்மை ஏன் கெடுக்கிறது

கூரான கத்திக்கு எல்லா இடமும் ஒன்றுதான். எந்தப் பக்கம் தள்ளினாலும் அங்கே வெட்டிக்கொண்டு போகும். எது பட்டை, எது மரம் என்று கை மட்டுமே முடிவு செய்யவேண்டும். இரண்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு கணமும் கை பிசகாமல் இருப்பது யாராலும் ஆகாது.

மொண்ணையான ஆப்பு எதையும் வெட்டுவதில்லை. இரண்டு பக்கத்தையும் விலக்கித் தள்ளுகிறது, அவ்வளவே. பிளவு ஆப்பின் நுனிக்கு முன்னாலேயே ஓடுகிறது. எங்கே ஓடும்? எந்த அடுக்கு மிகக் குறைந்த விசையில் கிழிகிறதோ அங்கே. பருவத்தில் அந்த அடுக்கு கேம்பியம்தான். ஆக வழியைத் தேர்ந்தெடுப்பது கையல்ல, மரம். நம் கை கொஞ்சம் மேலே கீழே போனாலும் பிளவு தன் அடுக்கைவிட்டு விலகாது. கருவி மொண்ணையாக இருப்பதால்தான் இந்த நிதானம் கிடைக்கிறது. எந்தத் திறமையான கைக்கும் மேலான பாதுகாப்பு இது.

இலங்கையின் தெற்கே கறுவா உரிப்பவர்கள் இதை இன்னொரு கோணத்தில் செய்துகாட்டுகிறார்கள். அவர்களுக்குப் பட்டைதான் சரக்கு, மரம் கழிவு. மழைக்குப் பின் சாறு ஓடும் காலத்தில் கம்புகளை வெட்டி, வெளித்தோலைச் சுரண்டி எடுத்த பிறகு, பித்தளைக் கோலால் கம்பு முழுவதையும் அழுத்தித் தேய்க்கிறார்கள். அந்த அழுத்தத்தில் பட்டைக்கு அடியிலிருக்கும் மெல்லிய செல்கள் நசுங்கிக் கிழிகின்றன. பிறகு சிறு வளைகத்தியால் நீளவாக்கில் இரண்டு கீறல் போட்டால் பட்டை முழுசாகப் பெயர்ந்துவருகிறது. வெட்டும் வேலையை விட மொண்ணையான உருளைக்கோலின் வேலையே அங்கே பெரியது. நார்வேயில் வசந்தகாலத்தில் வில்லோ மரக் கொப்பின் பட்டையைக் கழற்றிக் குழல் செய்கிறவர்களும் முதலில் கத்திப்பிடியால் கொப்பைச் சுற்றிலும் தட்டுகிறார்கள். காரணம் அதேதான்.

வில் செய்கிறவரும் இதைப் பயன்படுத்தலாம். பிடிவாதம் பிடிக்கும் இடத்தில் ஸ்பூனால் நெம்புவதற்கு முன், பட்டையின்மேல் மரக்கட்டையால் மிதமாகத் தட்டிக்கொண்டே போனால் பாதி எதிர்ப்பு அடங்கிவிடும்.

பருவம் தப்பிய கட்டை

எல்லாருக்கும் ஜூலையில் மரம் கிடைத்துவிடாது. புயலில் விழுந்தது, ஜனவரியில் வெட்டியது, ஓராண்டாகக் கொட்டகையில் கிடப்பது என்று கிடைப்பதைத்தான் எடுக்கவேண்டியிருக்கும். வட அமெரிக்காவின் ஹிக்கரி மரத்தைக் குளிர்காலத்தில் வெட்டினால் அதன் பட்டை மரத்தோடு ஒன்றியே போய்விடும். இங்கே விட்டுக்கொடுக்கும் அடுக்கு இல்லை. ஆப்பு பயன்படாது. அடுக்கடுக்காகச் சீவித்தான் இறங்கவேண்டும்.

இதற்கு மேலை நாட்டுத் தச்சர்கள் வைத்திருப்பது இருபுறமும் கைப்பிடியுள்ள நீளக் கத்தி. நம் பக்கம் இழுத்துச் சீவுவதால் இழுகத்தி என்று அழைப்போம். வாங்க முடியாதவர்கள் செய்துகொள்ளும் விதங்களைப் பார்த்தால் மனித மூளையின்மேல் மரியாதை வருகிறது. லாரி, டிராக்டர்களின் அடியில் இருக்கும் லீஃப் ஸ்பிரிங் தகடு நல்ல எஃகு. அதில் ஒரு முழ நீளம் வெட்டி, ஒரு விளிம்பை ஒரே பக்கமாகச் சாய்த்துத் தேய்த்து, இரண்டு முனையையும் கொல்லுப்பட்டறையில் காய்ச்சி வளைத்துப் பிடி போட்டால் தலைமுறைக்கும் வரும். இவ்வளவுக்கும் வசதி இல்லாவிட்டால் பட்டறையில் தேய்ந்துபோன பெரிய ஆக்சா பிளேடின் பற்களைத் தேய்த்துவிட்டு இருமுனையிலும் மரப்பிடி கட்டலாம். நீளமான கத்தியின் நுனியில் ஒரு மரத்துண்டைக் குத்தி இரண்டாவது பிடியாக்கிக்கொள்வது எல்லாவற்றிலும் விரைவான வழி. இரண்டு கைப்பிடி எதற்கு என்றால், கத்தியின் சாய்வைக் கட்டுப்படுத்துவதற்கு. ஒற்றைப் பிடியில் அந்தச் சாய்வு கைமணிக்கட்டின் தயவில் நிற்கிறது.

இழுகத்தி சொரசொரப்பான வெளிப்பட்டையை நீக்க மட்டும். நிறம் மாறுவதைக் கண் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். கரும்பழுப்பு முடிந்து உள்பட்டையின் வெளிர்பழுப்பு வந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சுரண்டியை எடுக்கவேண்டும். சுரண்டி என்று கடையில் ஒன்றும் தேடவேண்டாம். கத்தியின் முதுகு, கத்தரிக்கோலின் ஒரு பாதி, இரும்புத் தகட்டின் நேராகத் தேய்த்த ஓரம், உடைந்த கண்ணாடித் துண்டு எல்லாம் சுரண்டியே. கண்ணாடியைப் பிடிக்கும்போது தடித்த தோல் உறை அவசியம். கற்கால மனிதர்களின் கல் சுரண்டிகளை அருங்காட்சியகத்தில் பார்த்தால் அவற்றின் விளிம்பு கத்திபோல் மெலிதாக இல்லாமல் செங்குத்தாக இறங்குவதைக் காணலாம். அந்தச் செங்குத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது.

சாய்வாக நுழையும் மெல்லிய விளிம்பு நாரைத் தூக்குகிறது. தூக்கியதும் அதற்கு முன்னால் பிளவு ஓடத் தொடங்குகிறது. நார் மரத்துக்குள் இறங்கும் இடத்தில் பிளவும் கூடவே உள்ளே இறங்கிவிடும். செங்குத்தாகப் பிடித்த விளிம்பு நாரைத் தூக்குவதில்லை. தனக்கு நேர் முன்னால் இருப்பதை நசுக்கிச் சுருட்டுகிறது. பிளவு ஓட வழியில்லை. காகிதத்தைவிட மெல்லிய சுருள்கள்தான் வரும். வேலை மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் மரத்தின் வெண்மை தெரியும்போது நிறுத்த நமக்கு நேரம் இருக்கும்.

உள்பட்டை காய்ந்து கொம்பாக இறுகிவிட்டிருந்தால் கொதிநீர் ஊற்றி ஈரத்துணி சுற்றிவைப்பார்கள். ஊறியதும் உள்பட்டை இளகிச் சுரண்டிக்கு வழிவிடும். அடியிலிருக்கும் மரம் அந்த நேரத்துக்குள் அதிகம் நீர் குடிப்பதில்லை.

பட்டையோடு நிற்காத மரங்கள்

எல்லா மரத்துக்கும் பட்டைக்கு அடியிலேயே முதுகு அமைவதில்லை. டெக்சஸ், ஓக்லஹோமா பகுதியில் இயற்கையாக வளரும் ஓசேஜ் ஆரஞ்சு மரத்தில் வெளிறு, அதாவது வெளிர்நிறமான இளமரம், மிக மெலிதாக இருக்கும். பெரும்பாலானோர் அதையும் நீக்கி, பொன்னிறமான வைரத்தில், அதாவது முதிர்ந்த உள்மரத்தில், ஒரே ஒரு ஆண்டு வளையத்தைத் தேர்ந்தெடுத்து, முனைக்கு முனை அதையே முதுகாகத் தொடர்ந்து போகிறார்கள். இங்கும் அதிகம் கூரில்லாத இழுகத்திதான் கைகொடுக்கிறது. இரண்டு வளையங்களுக்கு நடுவே முன்மரத்தின் பொறபொறப்பான அடுக்கு இருக்கிறது. மொண்ணைக் கத்தி அதைத் தொட்டதும் நொறநொறவென்று ஒரு சத்தம் எழும், கைக்கும் அது தெரியும். அதன் அடியில் இருக்கும் வழுவழுப்பான பின்மரத்தில் கத்தி வழுக்கும். கண்ணைவிடக் காது இந்த வேலைக்கு நன்றாக உதவுகிறது.

யூ மரத்தில் கதை தலைகீழ். அதன் வெளிறு நீட்சியை நன்றாகத் தாங்கும், வைரம் நசுக்கலை நன்றாகத் தாங்கும். இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ளவேண்டும். 1545-இல் இங்கிலாந்தின் தென்கரைக்கு அருகே மூழ்கி 1982-இல் மேலே கொண்டுவரப்பட்ட மேரி ரோஸ் கப்பலில் கிடைத்த நூற்றுக்கும் மேற்பட்ட நெடுவில்கள் இவ்வகை.

இந்தியக் காடுகளில் பல பழங்குடிகளின் வில் மூங்கில். மூங்கிலுக்குக் கேம்பியம் கிடையாது. முளைவிட்ட பருமனோடு கடைசிவரை நிற்கும். பலமான நார்கள் வெளித்தோலை ஒட்டித்தான் நெருக்கமாக இருக்கின்றன. ஆகவே உரிப்பதற்கு அங்கே எதுவும் இல்லை, உரிக்கவும் கூடாது.

உரித்த பிறகு

பட்டை மரத்துக்கு மூடி. அதை எடுத்ததும் மேற்பரப்பு வேகமாகக் காயத் தொடங்குகிறது. காய்ந்த மேல்பகுதி சுருங்கப் பார்க்கிறது; ஈரமான உள்பகுதி விடமாட்டேன் என்கிறது. முடிவில் மேற்பரப்பு வெடிக்கிறது. நாள் முழுக்க ஸ்பூனோடு பொறுமையாக உழைத்துக் காப்பாற்றிய முதுகு, மறுநாள் வெயிலில் மயிரிழை மயிரிழையாகப் பிளந்து கிடக்கும். எனவே உரித்த அன்றே முதுகிலும் இரண்டு முனைகளிலும் மரப்பசையோ ஷெல்லாக்கோ பூசி, நிழலில், காற்று மெதுவாக ஓடும் இடத்தில் வைக்கவேண்டும்.

நெவாடாவின் பூர்வகுடிகள் இந்தச் சிக்கலை வேறு மாதிரி தீர்த்தார்கள். ஜூனிப்பர் மரத்தின் தண்டில் நார் நேராக ஓடும் இடம் பார்த்து, வில்லுக்கு வேண்டிய நீளத்தின் இரு முனையிலும் குறுக்கே வெட்டிவிட்டு அப்படியே விட்டுவிடுவார்கள். இரண்டு வெட்டுகளுக்கும் நடுவே உள்ள மரம் நின்ற இடத்திலேயே காயும். பிறகு வந்து அந்தத் தட்டையான துண்டை நெம்பி எடுத்துக்கொள்வார்கள். தண்டின் மற்றப் பக்கங்களில் பட்டையும் கேம்பியமும் அப்படியே இருப்பதால் மரம் சாவதில்லை. காயம் ஆறிய இடத்தில் காலம் கழித்து மறுபடியும் துண்டு எடுத்த தடங்களை அங்குள்ள பழைய ஜூனிப்பர்களில் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

நார் அறுந்துவிட்டால்

இத்தனை கவனத்துக்குப் பிறகும் ஓரிடத்தில் கத்தி இறங்கிவிடலாம். கட்டையைத் தூக்கிப் போடவேண்டியதில்லை. தடிமன் மிச்சம் இருந்தால் அந்த வளையம் முழுவதையும் நீக்கி அடுத்த வளையத்துக்கு இறங்கலாம். ஓரத்தில் விழுந்த வெட்டு என்றால் வில்லின் அகலத்தைக் குறைத்து அதை வெளியே தள்ளிவிடலாம். நடுவில் என்றால் முதுகின்மேல் நீட்சியைத் தாங்கும் வேறொரு பொருளை ஒட்டவேண்டும்: பதனிடாத தோல், லினன் துணி, அல்லது விலங்கின் தசைநார்.

கலிபோர்னியாவின் யாஹி மக்களில் கடைசியாக எஞ்சிய இஷி 1911-இல் ஓரோவில் என்ற ஊரில் வெளியுலகத்தார் கண்ணில் பட்டார். 1916-இல் இறக்கும்வரை அவர் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் வாழ்ந்தார். அவருக்கு மருத்துவம் பார்த்த சாக்ஸ்டன் போப் அவரிடம் வில் செய்யக் கற்றுக்கொண்டு எல்லாவற்றையும் எழுதிவைத்தார். இஷி ஜூனிப்பர் வில்லின் முதுகில் மான் தசைநாரை வாயில் மென்று இளக்கி, சால்மன் மீன் தோலைக் காய்ச்சிய பசையால் அடுக்கடுக்காக ஒட்டுவார். தசைநார் மரத்தைவிடப் பல மடங்கு நீண்டு மீளக்கூடியது. அது முதுகோடு ஒட்டிப் படிந்திருக்கும்போது அடியிலுள்ள அறுந்த நாரின் முனை மேலே கிளம்ப முடியாது. நாணை இழுக்கும்போது வரும் நீட்சியில் ஒரு பகுதியை அந்த ஒட்டு வாங்கிக்கொள்கிறது. பசை முழுதாகக் காயச் சில வாரம் பிடிக்கும். அதுவரை வில்லை வளைத்துப் பார்க்கக்கூடாது.